லூசிஃபர், ஒரு பெட்டி

எங்கள் ஊர்க் கடையில்
இரண்டு சென்ட்டுக்கு லூசிஃபர் கிடைக்கும்,
ஒரு பெட்டி.
பிரெடாவுக்குத் தெற்கே, இந்த ஈரக்காற்றில்,
தீக்குச்சிக்கு வேறு பெயர் யாரும் சொல்வதில்லை.
"லூசிஃபர் இருக்கா?" என்று கேட்பார்கள்,
சுருட்டைப் பற்றவைப்பார்கள்,
அதே கையால் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து
அதே பெயரைப் பங்குச் சாமியார் உதிர்த்தால் மட்டும்
முன்வரிசைக் குழந்தைகள்
கால்களைப் பெஞ்சுமேல் இழுத்துக்கொள்ளும்.

நான் லாம்பெர்ட்டஸ் கூலன். கோயில்பிள்ளை.
மணியடிப்பது, மெழுகு சுரண்டுவது.
குருமடத்தில் இரண்டு வருஷம் இருந்தேன்;
லத்தீன் பாதியில் நின்றது, கிரேக்கம் வாசற்படியில்.
அந்தப் பாதியை வைத்துச் சொல்கிறேன்:
லூக்ஸ், ஒளி.
ஃபெரோ, சுமக்கிறேன்.
ஒளி சுமப்பவன். அவ்வளவுதான்.
பால்காரன் எழுகிற நேரத்தில் எழுகிற
விடிவெள்ளிக்கு ரோமாபுரியில் வழங்கிய பெயர்.

பிறகு எப்படி அவனுக்குப் போயிற்று?
யாரோ ஒரு பாபிலோன் ராஜா.
அவன் சாய்ந்த அன்று ஒரு தீர்க்கதரிசி
கைகொட்டிச் சிரித்தார்:
விடிவெள்ளி கணக்காய் மினுக்கினாயே, இப்போது எங்கே?
எபிரேயத்தில் பிறந்த கேலி லத்தீனுக்குக் குடிவந்தது.
ராஜாவை மறந்துவிட்டார்கள்.
ஆளில்லாமல் கொடியில் தொங்கிய சட்டையைப்
பிசாசுக்குப் போட்டுப் பார்த்தார்கள்.
அளவெடுத்துத் தைத்தது போல் இருந்ததாம்.

டிம்ஃப்னா ரோவர்ஸ் ஆலையில் குச்சி முக்குகிறவள்.
சட்டம் நிறையக் குச்சிகள்,
பாஸ்பரஸ் குழம்பில் தலைமட்டும் நனைய வேண்டும்,
ஞானஸ்நானம் மாதிரி.
அவள் மண்டியிட்ட இடத்தில் பூண்டு வாசம் நிற்கும்.
மாலை ஆராதனையில், திரிகளை நான் அணைத்தபின்
அவள் விரல்கள் தெரியும், இளம்பச்சையாய்.
பெஞ்சில் அவள் பிடித்திருந்த இடமும்.
குளிர்காலத்தில் பல்வலி என்றாள்.
பிடுங்கினார்கள். குழி மூடவில்லை.
தாடையைச் சுற்றித் துணி வந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்
ஒரு பெஞ்சு தள்ளிப் போனார்கள்.

பெரிய சனிக்கிழமை, விடியற்காலை.
புதுத்தீயைக் கல்லிலிருந்துதான் எடுக்க வேண்டும்.
அது முறை.
கோயில் வாசலில் தட்டுகிறேன், தட்டுகிறேன்.
சாரல். பஞ்சு நமத்துவிட்டது.
சாமியார் என்னைக் கண்ணாலேயே எரித்தார்.
அதில் பற்றியிருக்கலாம்.
குனிந்த என் தோளருகே பூண்டு வாசம்.
என் உள்ளங்கையில் ஒரு குச்சி.

உரசினேன்.
யாரும் பார்க்கவில்லை.
அல்லது எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த நெருப்பில் எரிந்த பாஸ்காத் திரியின் முன்னால்
சாமியார் நீட்டி நீட்டிப் பாடினார்.
முடிகிற இடத்தில் வந்தது அது:
லூசிஃபர்.
பிசாசை அல்ல. அஸ்தமிக்காத விடிவெள்ளியை,
கல்லறையிலிருந்து எழுந்தவரை.
லத்தீன் வெள்ளத்தில் அந்தச் சொல் அடித்துக்கொண்டு போயிற்று.
குழந்தைகளின் கால்கள் தரையிலேயே இருந்தன.
டிம்ஃப்னா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.
எழுதப் படிக்கத் தெரியாதவள்;
ஆனால் நாள் முழுக்கப் பெட்டிகளில் ஒட்டுகிற பெயர்
அவளுக்குத் தெரியாதா?

மே மாதம் டாக்டர் ஒரு சீட்டில்
எது அவளைத் தின்கிறதென்று எழுதிக் கொடுத்தார்.
பள்ளி வாத்தியாரிடம் கொண்டுபோனேன்.
கிரேக்கம், என்றார். ஃபோஸ், ஒளி.
மிச்சத்தை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.
அதே பெயர், வேறு சட்டை.

கடைசியாகப் பார்க்கப்போனபோது அறை இருட்டு.
விளக்கு கொண்டுவரட்டுமா என்றேன்.
வேண்டாமென்று கையசைத்தாள்.
துணி நழுவிய இடத்தில்
அவள் தாடை மங்கலாகப் புகைந்து
ஒளிர்ந்துகொண்டிருந்தது.
என் பாதி லத்தீன் தானாக நாக்கில் ஓடியது:
ஃபெரோ, சுமக்கிறேன்.
ஃபெர்ட், சுமக்கிறாள்.

கதவுக்கு வெளியே அவள் அம்மா
அடுப்பு மூட்ட
ஒரு லூசிஃபர் இருக்கா என்று கேட்டாள்.
இருந்தது. கொடுத்தேன்.